சிப்பின் பெயரையும் எழுதித் தாருங்கள்
ரிச்சி தெருக் கணினி வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரிச்சி தெருவிலும் அதனை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் மீரான் சாகிப் தெருவிலும் கணினி சேர்த்துக் கொடுக்கும் தொழிலை நடத்திவரும் மதிப்பிற்குரிய வணிகப் பெருமக்களுக்கு,

சென்னை அண்ணா சாலையிலிருந்து திரும்பி உங்கள் தெருவுக்குள் நுழைகிற எவரும், வானொலிப் பெட்டிகளின் உதிரிப் பாகங்களில் தொடங்கிய ஒரு வியாபாரம் இன்று கணினியின் சகல அங்கங்களையும் தன்னுள் அடக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டு வியவாமல் இருக்க முடியாது. மதர்போர்டை ஒரு கடையிலும், கேபினெட்டை எதிர்க் கடையிலும், எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாடியிலிருக்கும் மூன்றாவது கடையிலும் விலை விசாரித்து, காலையில் வெறுங்கையோடு வந்தவர் மாலைக்குள் முழுக் கணினி ஒன்றைச் சேர்த்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும் சௌகரியத்தை உங்கள் சாமர்த்தியமே ஏற்படுத்தித் தந்திருக்கிறது. இந்த மடல் உங்களைக் குறை கூற எழுதப்படுவதன்று. உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஓர் உபகாரத்தை வேண்டி எழுதப்படுவது.

சமீப காலமாக ஒரு புது வகை வாடிக்கைக்காரர் உங்கள் கடைகளுக்கு வருகிறார். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் இலவசமாக அளித்துவந்த ஆதரவு முடிந்துபோயிற்று. விண்டோஸ் 11-ஓ டி.பி.எம். 2.0 வேண்டும் என்றும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பிராசஸர்கள் பெரும்பாலும் கூடாது என்றும் நிபந்தனை விதிக்கிறது. இதனால் வீட்டுப் பழைய கணினியில் லினக்ஸைப் போட்டுப் பார்த்து, அதன் ருசியை அறிந்து, அடுத்த கணினியையும் அதற்கென்றே வாங்கலாம் என்று தீர்மானித்தவர்கள் பலர். இவர்களன்றி, பொறியியல் கல்லூரி மாணவர்களும், செலவைக் குறைக்க விரும்பும் சிறு அலுவலகத்தாரும், ஒவ்வொரு யந்திரத்துக்கும் உரிமத் தொகை கட்ட இயலாத நூலகத்தாரும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் உங்கள் கவுண்டரில் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, இதுல லினக்ஸ் போட்டா எல்லாம் வேலை செய்யுமா?"

இதற்கு இரண்டு விதமான பதில்களை நான் கேட்டிருக்கிறேன். "எல்லாம் ஓடும் தம்பி, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்பது ஒன்று. "அதெல்லாம் நமக்குத் தெரியாது சார், விண்டோஸ்னா கேரண்டி" என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவையே. ஆயினும் இரண்டும் விடையாகா. ஏனெனில் அந்தக் கேள்விக்குரிய விடை பெட்டியின்மேல் அச்சிட்ட பிராண்டின் பெயரிலும் இல்லை, விலையிலும் இல்லை. பலகையின்மேல் பற்றவைக்கப்பட்டிருக்கும் சிப்பின் பெயரில் இருக்கிறது. அந்தப் பெயரைக் கடைக்காரர் பார்க்க முடியும்; பெட்டியைப் பிரிக்காமல் வாங்கிப் போகும் வாடிக்கைக்காரரோ, வீட்டுக்குப் போய்ச் சிரமப்பட்ட பிறகே பார்க்கிறார்.

விண்டோஸில் இந்தச் சிக்கல் ஏன் எழுவதில்லை என்பதைச் சற்று விளக்க வேண்டும். அங்கே சிப்பைச் செய்த நிறுவனமே அதற்கான டிரைவரையும் எழுதி, வலைத்தளத்திலோ சி.டி.யிலோ கொடுத்துவிடுகிறது, வாங்குபவருக்கு பிராண்டின் பெயர் தெரிந்தால் போதும். லினக்ஸில் டிரைவர்களில் மிகப் பெரும்பாலானவை அதன் மையப் பகுதியாகிய கர்னலுக்கு உள்ளேயே வாசம் செய்கின்றன. அவற்றை யாரோ ஒருவர் எழுதி, வேறு சிலர் பரிசோதித்து, கர்னலில் சேர்த்திருந்தால் மட்டுமே அந்தப் பொருள் செருகிய மாத்திரத்தில் இயங்கும். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாம் வாங்கிய 386 யந்திரத்துக்கென்றே இந்த அமைப்பை எழுதத் தொடங்கி, அவ்வாண்டு ஆகஸ்டு 25-ஆம் தேதி அதை வெளியுலகுக்கு அறிவித்தபோது, தம்மிடம் இருப்பது ஏ.டி. வகை ஹார்டு டிஸ்க்தான், ஆகையால் வேறு வகைக்கு அது ஒருபோதும் இடம் தராமலே போகலாம் என்று கூசாமல் சொல்லிவிட்டார். கையிலிருக்கும் பொருளுக்கே டிரைவர் என்ற அந்தப் பிறவிக் குணம், ஆயிரக்கணக்கானோர் கைகொடுத்து வளர்த்த பின்னும் அடியோடு மாறிவிடவில்லை. கைகள் பெருகின, அவ்வளவே. (எந்த 386-க்காகப் பிறந்ததோ அந்த 386-ஐயே 2013-இல் வெளிவந்த 3.8-ஆம் பதிப்பில் லினக்ஸ் கைவிட்டுவிட்டது என்பது வேறு கதை.)

ஆகவே லினக்ஸின் கண்ணோட்டத்தில், சிப் செய்வோர் மூன்று வகையினர். தாமே டிரைவரை எழுதி மூலநிரலோடு கர்னலுக்குக் கொடுத்துவிடுவோர் ஒரு வகை. டிரைவரைக் கொடுப்பார்கள், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல் மூடிய பொட்டலமாகக் கொடுப்பார்கள் என்பது இரண்டாம் வகை. ஒன்றும் கொடாமல் வாளாவிருக்க, தன்னார்வலர்களே அந்தச் சிப்பின் நடத்தையைக் கவனித்துக் கவனித்து அநுமானத்தால் டிரைவர் எழுதிக்கொள்ளும்படி விட்டுவிடுவது மூன்றாம் வகை. ஒரே நிறுவனம் ஒரு சிப்புக்கு முதல் வகையாகவும் வேறொன்றுக்கு மூன்றாம் வகையாகவும் நடந்துகொள்வதுண்டு என்பதால்தான், நிறுவனத்தின் பெயரோடு நில்லாமல் சிப்பின் பெயர் வரையில் போகவேண்டியிருக்கிறது.

பிராண்டின் பெயர் எவ்வளவு தூரம் ஏமாற்றக்கூடும் என்பதற்கு, உங்கள் கடைகளில் ஏராளமாக விற்ற ஒரு சிறு பொருளே சாக்ஷி. டி.பி.-லிங்க் நிறுவனத்தின் டி.எல்.-டபிள்யூ.என்.722என் என்ற வைஃபை டாங்கிளின் முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸ் ஏ.ஆர்.9271 என்னும் சிப். அதற்கான டிரைவர் கர்னலிலேயே உண்டு, அதன் ஃபர்ம்வேரின் மூலநிரல்கூடப் பகிரங்கமாக வெளியிடப்பட்டது, லினக்ஸ் வட்டாரத்தில் அதற்கிருந்த கௌரவம் சாமானியமன்று. இரண்டாம் பதிப்பில் அதே பெயர், அதே ஆன்டெனா, பார்வைக்கு அதே பெட்டி. உள்ளே மட்டும் ரியல்டெக் ஆர்.டி.எல்.8188இ.யு.எஸ். என்ற முற்றிலும் வேறான சிப். அதற்குரிய டிரைவரோ கர்னலில் ஸ்டேஜிங் என்னும் பக்குவமடையாத பகுதியில் பல ஆண்டுகள் கிடந்தது. நண்பர் சிபாரிசு செய்தார் என்று மாடல் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தவர், சீட்டில் உள்ளபடியே வாங்கிப் போயும் ஏமாந்தார். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த பதிப்பு எண்ணை யாரும் பார்க்கவில்லை. மருந்துக் கடைக்காரர் மாத்திரையின் வர்த்தகப் பெயரைக் கேட்டாலும் அட்டையின் பின்புறத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படித்த பிறகே எடுத்துக் கொடுப்பதுபோல், இங்கும் படிக்கவேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

யந்திரத்துக்குள் பொருத்திவிட்ட பிறகு சிப்பை அறிவது மிகச் சுலபம். ஒவ்வொரு சாதனமும் தன் நிறுவனத்துக்குரிய எண்ணையும் தனக்குரிய எண்ணையும் சுமந்துகொண்டே வருகிறது. எல்எஸ்பிசிஐ, எல்எஸ்யுஎஸ்பி என்ற இரண்டு கட்டளைகளும் அவற்றை நொடியில் வரிசையாகக் காட்டிவிடும். இன்டெல் தனக்கு வைத்துக்கொண்ட எண் 8086. தன் புகழ்பெற்ற பழைய பிராசஸரின் பெயரையே முத்திரையாக்கிக்கொண்ட அந்தச் சிறு பெருமிதத்தை நாம் மன்னிக்கலாம்.

இனி, எந்தெந்த உறுப்பில் கவனம் வேண்டும் என்று பார்ப்போம். பிராசஸரிலும் ராமிலும் கவலைப்பட ஏதுமில்லை. எஸ்.எஸ்.டி.யிலும் அப்படியே, பயாஸில் இன்டெல் ஆர்.எஸ்.டி. முறை வைக்கப்பட்டிருந்தால் லினக்ஸ் நிறுவும்போது டிஸ்கே கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும், அதை ஏ.ஹெச்.சி.ஐ. முறைக்கு மாற்றிவிட்டால் தெரியும் என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். கேபினெட்டிலும் ராமிலும் வானவில்லாய்ச் சுழலும் விளக்குகளைப் பற்றி என்னைக் கேட்டால் என் அபிப்பிராயம் வாடிக்கைக்காரருக்கு உவப்பாயிராது. அவற்றின் நிறம் மாற்றும் மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கே செய்யப்பட்டவை, லினக்ஸில் ஓப்பன்ஆர்ஜிபி என்ற ஒன்று பல பலகைகளை ஆட்டிவைக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயம் கனப்படுவது கிராபிக்ஸில். அந்த விவகாரத்துக்குச் சரித்திரமே உண்டு. ஏ.டி.ஐ. நிறுவனத்தை 2006-இல் விலைக்கு வாங்கிய ஏ.எம்.டி., அதற்கடுத்த ஆண்டே தன் கிராபிக்ஸ் சிப்புகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடத் தொடங்கி, 2015-இல் கர்னல் 4.2-இல் சேர்ந்த ஏஎம்டிஜிபியு என்ற டிரைவரின் மூலம் முதல் வகையினரின் வரிசையில் வந்து அமர்ந்துவிட்டது. என்விடியாவோ நெடுங்காலம் மூடிய பொட்டலத்தையே கொடுத்துவந்தது. தன்னார்வலர்கள் அநுமானத்தால் எழுதிய நூவோ என்ற டிரைவர், திரையில் படம் காட்டும் அளவுக்கு வந்தும், 2014-இல் வெளியான ஜி.டி.எக்ஸ். 970, 980 கார்டுகளிலிருந்து நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் சிப்பின் முழு வேகத்தைத் தொட முடியாதபடி தடைப்பட்டு நின்றது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், சபை மரியாதைக்கு ஒவ்வாத ஒரு சைகையோடு அந்நிறுவனத்தைக் கடிந்துகொண்டது உலகப் பிரசித்தம். பிற்பாடு, 2022 மே மாதத்தில், டூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமான கார்டுகளுக்குக் கர்னல் பகுதியின் மூலநிரலை என்விடியா வெளியிட்டது. அதற்கு மேலே இயங்கும் பகுதிகள் இன்னமும் மூடியே இருக்கின்றன. ஆகையால் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கோ குடா (CUDA) தேவைப்படும் வேலைக்கோ வருகிறவருக்குப் புதிய என்விடியா கார்டைக் கொடுப்பது நியாயமே. வெறுமனே எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் நிரல் எழுதவும் கேட்பவருக்கு அதை விற்பது, அவருக்கு நிஷ்பிரயோஜனமான செலவையும் ஒவ்வொரு கர்னல் புதுப்பிப்பின்போதும் ஒரு சந்தேகத்தையும் சேர்த்து விற்பதாகும்.

இதில் நீங்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, மலிவு விலையில் விற்கும் ஜி.டி.730 கார்டு. அந்த ஒரே பெயரில் ஃபெர்மி தலைமுறைச் சிப் கொண்டதும் உண்டு, கெப்ளர் தலைமுறைச் சிப் கொண்டதும் உண்டு. ஃபெர்மிக்கு என்விடியாவின் டிரைவர் 390 வரிசையோடும், கெப்ளருக்கு 470 வரிசையோடும் நின்றுவிட்டது. புதிய லினக்ஸ் பதிப்புகளில் இவற்றுக்கு நூவோவே கதி. திரை தெரியும், கார்டு வாங்கியதன் பயன் தெரியாது. "டிஸ்ப்ளே வராத பழைய சிஸ்டத்துக்கு ஒரு கார்டு போடலாம்" என்று நீங்கள் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் இதுவாகவே இருப்பதால் சொல்கிறேன்.

தனிக் கார்டு தேவைப்படாதவருக்கு, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸைப் போல நிம்மதியானது வேறில்லை, இன்டெல்லாயினும் ஏ.எம்.டி.யாயினும் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. ஆனால் சில ஆயிரம் ரூபாய் குறைத்துக் கொட்டேஷன் கொடுக்கும் போட்டியில், ஐ5-12400-க்குப் பதிலாக ஐ5-12400எஃப் என்றும், ரைசன் 5600ஜி-க்குப் பதிலாக வெறும் 5600 என்றும் எழுதிவிடுகிறீர்கள். முந்தினவற்றில் கிராபிக்ஸ் உண்டு, பிந்தினவற்றில் இல்லை. மிச்சப்பட்ட பணம், மேற்சொன்ன ஜி.டி.730-க்கே போய்ச் சேர்கிறது. ஓர் எழுத்துக்காக வாடிக்கைக்காரர் இரு முறை நஷ்டப்படுகிறார்.

புதுமையும் ஓர் ஆபத்து என்பதை விண்டோஸ் வியாபாரத்தில் பழகிய கண் சுலபத்தில் நம்பாது. அங்கே புதிய பொருளென்றால் டிரைவரும் கூடவே வந்துவிடும். இங்கே பொருள் முதலில் வந்து, டிரைவர் கர்னலில் சேர்ந்து, அந்தக் கர்னலை வாடிக்கைக்காரர் போடப்போகும் லினக்ஸ் பதிப்பு ஏற்றுக்கொள்ளும் வரையில் காலம் கழிய வேண்டும். இன்டெல்லின் ஆர்க் கார்டுகள் 2022-இல் விற்பனைக்கு வந்தன. பிரத்தியேக ஏற்பாடு எதுவுமின்றித் தாமாக இயங்கும் நிலையை 2023 பிப்ரவரியில் வந்த கர்னல் 6.2-இல்தான் அடைந்தன. அவ்வாண்டு ஜூனில் வெளியான டெபியன் 12-ஐப் போட்டவருக்கோ, அதில் இருந்தது 6.1 ஆகையால், ஆண்டு மாறியும் அவதி தீரவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 6.12 இருக்கிறது. ஆகவே, நிதானமான பதிப்பைப் போடப்போகிறேன் என்று சொல்பவருக்குச் சென்ற ஆண்டு வந்த பொருளையும், நேற்று வந்த பொருள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு ஃபெடோராவைப் போலப் புதுக் கர்னலை விரைந்து ஏற்கும் பதிப்பையும் சொல்வதே விவேகம். பழைய ஸ்டாக் கழியவில்லையே என்று நீங்கள் வருந்தும் சரக்கு, இந்த வாடிக்கைக்காரருக்கு உத்தமமான சரக்காகவும் இருக்கக்கூடும்.

அடுத்தது வைஃபை. உண்மையில், வாடிக்கைக்காரர் திரும்பி வந்து சண்டை பிடிப்பதற்கு மூலகாரணம் பெரும்பாலும் இதுவே. இன்டெல் ஏ.எக்ஸ்.210 கர்னல் 5.10 முதல் நன்றாக இயங்குகிறது, ஏ.எம்.டி. பலகையிலும் பொருந்தும். அதன் உடன்பிறப்பாகத் தோன்றும் ஏ.எக்ஸ்.211 அப்படியன்று, அதன் பாதிப் பணியை இன்டெல் சிப்செட்டே செய்யவேண்டியிருப்பதால் ஏ.எம்.டி. பலகையில் அது விழித்தெழாது. இது லினக்ஸின் குற்றமன்று. ஆனால் பழி லினக்ஸின்மேல்தான் விழும். புதுப் பலகைகளில் வரும் மீடியாடெக் எம்.டி.7925 சிப்புக்குக் கர்னல் 6.7-ஆவது வேண்டும். இவற்றையெல்லாம்விடச் சங்கடமானவை குன்றிமணி அளவில் வரும் மலிவு டாங்கிள்கள். அவற்றுள் சில, விண்டோஸ் டிரைவரைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டு, செருகியவுடன் சி.டி.யைப் போல வேஷம் போடுகின்றன. வேஷத்தைக் கலைத்த பிறகே வைஃபையாகின்றன. வேறு சிலவற்றுக்கு டிரைவரை வெளியிலிருந்து இறக்கிக் கட்டவேண்டும், கர்னல் மாறினால் மறுபடியும் கட்டவேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற இந்தச் சுழலில் அகப்பட்டவர்களுக்கு ஒரு வழி சொல்லி அனுப்புங்கள்: கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பி வழி இணைப்பாகவே ஏற்றுக்கொள்ளும். பலகையிலுள்ள லேன் பொதுவாகத் தொல்லை தருவதில்லை, ரியல்டெக்கின் 2.5 ஜிகாபிட் சிப்பான ஆர்.டி.எல்.8125-கூடக் கர்னல் 5.4 முதல் இயங்குகிறது.

நிற்க, பிரிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அலுவலகம் தோறும் உழைத்துச் சலித்தும் இன்னும் சாகாமலிருக்கும் ஹெச்.பி. லேசர்ஜெட் 1020, தன் ஃபர்ம்வேரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல், மின்சாரம் போட்டபோதெல்லாம் கணினியிடமிருந்து வாங்கிக்கொள்ளும் சுபாவமுடையது, லினக்ஸில் ஹெச்.பி.எல்.ஐ.பி.யோடு ஒரு தனிப் பிளகினையும் இறக்கினால்தான் அச்சடிக்கும். புதிதாக வாங்குபவருக்கு, டிரைவரே தேவைப்படாத ஐ.பி.பி. முறையை ஏற்கும் பிரிண்டரைக் காட்டுங்கள். பெட்டியின்மேல் ஏர்பிரிண்ட் என்று அச்சிட்டிருந்தால், ஆப்பிள் சாதனம் எதுவும் வீட்டில் இல்லாதவருக்கும், கப்ஸ் என்னும் லினக்ஸ் அச்சு அமைப்பில் அது இயங்கும் என்பதற்கு நல்ல அறிகுறி.

இப்போது என் விண்ணப்பத்துக்கு வருகிறேன். நீங்கள் கொடுக்கும் கொட்டேஷனில் பொருள், பிராண்டு, வாரண்டி, விலை, ஜி.எஸ்.டி. என்று பத்திகள் இருக்கின்றன. அவற்றோடு சிப் என்று ஒரு பத்தியைச் சேர்த்து, கிராபிக்ஸ், வைஃபை, லேன் ஆகிய மூன்றுக்கேனும் சிப்பின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுதித் தாருங்கள். டிரைவர் இருக்கிறதா இல்லையா என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பை உங்கள் தலையில் சுமத்த நான் உத்தேசிக்கவில்லை. பெயர் கையில் கிடைத்துவிட்டால், கேட்கிற பிள்ளைகள் அதைத் தாங்களே கைப்பேசியில் தேடிப் பார்த்துக்கொள்வார்கள். எல்லாம் ஓடும் என்று சத்தியம் செய்வதைவிட இது உங்களுக்கும் பாதுகாப்பு.

அன்றியும், உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ எழுதிய ஒரு பென்டிரைவைக் கவுண்டரின் மேசை அறையில் வைத்திருங்கள். சேர்த்து முடித்த கணினியை டிஸ்கில் எதையும் எழுதாமல் அதிலிருந்தே எழுப்பி, திரை முழு அளவில் வருகிறதா, ஒலி கேட்கிறதா, கடையின் வைஃபை பெயர் தெரிகிறதா, உறங்கவைத்தால் மறுபடி எழுகிறதா என்று வாடிக்கைக்காரரின் எதிரிலேயே பார்த்துவிடலாம். உறக்கத்திலிருந்து எழுவதை மாத்திரம் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மற்றவையெல்லாம் சரியாயிருந்தும் அந்த ஒன்றில் கறுத்த திரையோடு நின்றுவிடும் யந்திரங்கள் உண்டு. பில் போடும் நேரத்துக்குள் இந்தப் பரீக்ஷை முடிந்துவிடும்.

டாங்கிள் விஷயத்தில் இன்னும் ஒரு சலுகையையும் கேட்கத் துணிகிறேன். பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுப்பதில்லை என்ற உங்கள் வழக்கம் மற்றப் பொருள்களுக்கு நியாயமானதே. ஆனால் பெட்டியைப் பிரித்தாலன்றி உள்ளே எந்தச் சிப் இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாத சரக்கில் அந்த வழக்கத்தை வற்புறுத்துவது பொருந்தாது. அதை உங்கள் கடையிலேயே, உங்கள் பென்டிரைவில் எழுந்த கணினியிலேயே செருகிப் பார்த்து, இயங்கினால் மட்டும் பில் போடுங்கள். இயங்காததைப் பெட்டியில் திரும்ப வைத்து, அதன்மேல் சிப்பின் பெயரைப் பேனாவால் எழுதி, விண்டோஸ் வாடிக்கைக்காரருக்கென்று தனியே ஒதுக்கிவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் தெருவின் நெடுநாள் வாடிக்கைக்காரன்